நான் போட்ட ஒரே ஆல்பம்

அக்கா மகள் நிலா சொந்தமாக ஆல்பம் வெளியிட்டிருக்கிறாள். ஒரு பாட்டு ராப், இன்னொன்று கானா. வில்லியனூர் பஸ்ஸில் என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். பாட்டு தொடங்கும் முன் பழைய கேசட்டின் 'கர்ர்' சத்தம். வேண்டுமென்றே சேர்த்தாளாம்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த நான், அவளுக்கு முன்பே ஆல்பம் போட்டவன்.

துபாயிலிருந்து அப்பா தன் குரலைப் பதிந்து அனுப்பிய கேசட் அது. யாரும் அதன்மேல் பதிந்து அழிக்கக்கூடாதென்று, கேசட்டின் விளிம்பிலிருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டிருந்தார். அந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, மாட்டுக்கொட்டகையில் தகர டப்பாவைத் தட்டியபடி பாடிப் பதிந்தேன். கோரஸ் எங்கள் மாடு. அதற்குத்தான் சுருதி சேர்ந்தது.

பதிந்ததைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க? அவரு பேசனது எங்கடா?"

"வுடும்மா, அடுத்த மாசம் வேற கேசட்டு வரும்."

அவள் துடைப்பத்தை ஓங்கிய நேரம் என் பாட்டு முடிந்தது. கொஞ்ச நேரம் 'கர்ர்' சத்தம், அதன்பின் அழியாமல் மிஞ்சிய கடைசித் துண்டில் அப்பா பேசினார்.

"டேப்பு தீரப் போவுது. பையன அடிக்காத தேவகி."

துடைப்பம் கீழே விழுந்தது.

அடுத்த மாதம் கேசட் வரவில்லை. அப்பா இறந்த செய்திதான் வந்தது. மிஞ்சிய அந்த ஒரு வரியை, டேப் அறுந்துபோகும் வரை அம்மா போட்டுப் போட்டுக் கேட்டாள்.

"எப்டி இருக்கு மாமா?" என்று நிலா உலுக்கினாள்.

"பாட்டு சூப்பருடி. அந்தக் கர்ர் சத்தத்த மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருக்கலாம்."