வெள்ளிக்கிழமை வஞ்சரம்

இன்னைக்கு மதியம் சிதம்பரத்துலேர்ந்து மாமா சாப்பிட வர்றதா இருந்துச்சி. காலையில ஃபோனைத் தொறந்ததுமே, துறைமுகத்துல மீன் விக்கிற ஜெயந்தி அக்காவோட போஸ்ட்: "இன்னைக்கு பெரிய வஞ்சரம் வந்திருக்கு, வாங்க."

வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுனேன். அங்க மத்திதான் இருந்துச்சி.

"வஞ்சரம் எங்கக்கா?"

"அது வெள்ளிக்கிழமை போட்டதும்மா. அன்னிக்கு ஒருத்தரும் வரல, முக்காவாசி கருவாடாப் போச்சி. இன்னைக்குதான் ஆளாளுக்கு வந்து கேக்கறீங்க. போஸ்ட்ட போட்டவுடனே காட்டாம வெச்சிருந்து காட்டுறானே இந்த ஆப்புக்காரன், மீனு கெட்டுப்போவும்னு அவனுக்குத் தெரியாதா?"

கேக்கவே கஷ்டமா இருந்துச்சி. அங்க நின்னவங்க நம்பரெல்லாம் வாங்கி, அக்காவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சிக் குடுத்தேன். அதுல போட்டது போட்ட வரிசையில வந்துடும்.

மாமா மத்திக் குழம்பையே ரெண்டாவது தடவையும் கேட்டு ஊத்திக்கிட்டாரு.

இந்தப் பதிவ இன்னைக்கே பார்த்தவங்க யாராச்சும் இருந்தா கமெண்ட்ல கை தூக்குங்க.