கீழ்ப்பட்டை காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை

எர்ணாவூரில் காலையில் எழுந்ததும் முதலில் துணியைத்தான் தேடுவோம். ராத்திரிக் காற்றில் வந்து இறங்கும் கறுப்புத் தூசி ஜன்னல் கம்பி, குடத்து மூடி, மாதா படம், டிவி என்று எதையும் விட்டுவைக்காது. நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு சுற்று துடைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் காபி. அந்த வேலை அப்பாவுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேறு எதைச் சொன்னாலும் "அப்பால பாத்துக்கலாம்" என்பார். துடைப்பதை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போட மாட்டார்.

அந்த ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாப்பா, பொட்டியாண்ட வா. இன்னாவோ ஆயிப்போச்சு" என்று அப்பா கூப்பிட்டார்.

பெட்டி என்றால் என் அண்ணனின் பழைய லேப்டாப். பார்த்தால் திரையில் ஒன்றுமே இல்லை. கீழே பெரிய பெரிய படங்களாக வரிசை கட்டி நிற்கும் பட்டையைக் காணோம். மெனு இல்லை, மணி காட்டும் மூலை இல்லை, ஆஃப் பண்ணும் பட்டன் இல்லை. பின்னால் இருக்கும் போட்டோ மட்டும் இருந்தது. விடியற்காலையில் எண்ணூர் முகத்துவாரம், புகையா பனியா என்று தெரியாத ஒரு வெளுப்பு, நடுவில் ஒரு படகு. அண்ணன் போனில் எடுத்தது. இத்தனை நாள் பட்டை மறைத்திருந்த கீழ்த்தண்ணீரை அன்றுதான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் அது லேசாக அசைவது போல இருந்தது.

"ஆன்ல இருக்கசொல்லோ ஈரத்துணி போட்டியா நைனா?"

"நான் இன்னா பண்ணேன்? தூசு இருந்திச்சு, தொட்ச்சேன். இன்னாத்தையோ கேட்டுச்சு, அத்தையும் தொட்ச்சேன். அப்பால வரிசைய காணோம். மேல கீற பட்டன அமுக்கி ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பாத்துட்டேன், வர்ல."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "உன் துணியக் கொண்டுபோய்க் கடல்ல போடு" என்று கத்திவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, "ஆத்திரக்காரிக்கு புத்தி மட்டு, மொதல்ல செருப்ப கழட்டுடி" என்றாள்.

அண்ணன் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் ஆமையாகிப் போனதும், தூக்கிப் போட மனசில்லாமல் லினக்ஸ் ஏற்றி ஓட வைத்தவன் அவன். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்து எல்லாம் மங்கலானபோது அந்தக் கீழ்ப்பட்டையை அவருக்கென்றே கட்டினான். முதல் படம் கோயில் பாடற்குழுவில் அவன் பாடிப் பதிவு செய்த பாட்டுகள். அடுத்தது போட்டோ. அதற்கடுத்தது காற்று, மழை நிலவரம். கடைசியில் ஆஃப். "கிரேன் லீவர் மாதிரி நென்ச்சிக்கோ நைனா. பாக்காமலே கை போவணும்" என்பான். "சரி நைனா" என்பார் இவர். அவன் இவரை நைனா என்பான், இவர் அவனை நைனா என்பார். இதில் யார் அப்பன், யார் புள்ளை என்று அம்மா சிரிப்பாள். அவன் போன பிறகும் அப்பாவின் கை அந்த இடங்களுக்குத் தானாகப் போய்வந்தது.

அவர் பதறியது அந்த வரிசைக்காகத்தான். "பாட்டு எங்கயும் போயிருக்காது, வேற எடத்துல பத்திரமா கீது" என்றேன். "பாட்டு கெடக்கட்டும் பாப்பா. அவன் அடுக்கி வெச்சது போய்டுச்சா?" என்றார்.

நான் ராயபுரத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் கன்டெய்னர் பேப்பர் தட்டுகிறவள். கம்ப்யூட்டர் என்றால் பயமில்லை, அவ்வளவுதான். போனில் தேடினேன். போகிற இடமெல்லாம் ஒரே வைத்தியம்: பட்டைக்கான ஃபோல்டரை அழித்துவிடு, புத்தம் புதிதாக வந்துவிடும். அண்ணன் காட்டித் தந்தபடி மூன்று விசையைச் சேர்த்து அமுக்கி, கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலைத் திரையில் திறந்தேன். அழிக்கச் சொல்லும் வரியைப் போனில் பார்த்து அப்படியே தட்டினேன். என்டர் மேல் விரல் இருந்தது.

மதிய வெயிலில் ஜன்னல் திரை ஊதி ஊதி அடங்கியது. ரோட்டில் டிரெய்லர் ஒன்று போக, தரை அதிர்ந்து நின்றது. கறுப்பு ஜன்னலுக்குப் பின்னால் அந்தப் படகு பாதி தெரிந்தது. போட்டோ எடுத்தவன் படத்தில் இருக்க மாட்டான்தானே. ஆனாலும் ஓரத்தில், சட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே, அவன் நின்றுகொண்டிருப்பதாகவே தோன்றியது.

"புச்சா வரும்னா," அப்பா மெதுவாகக் கேட்டார், "பழ்சு?"

விரலை எடுத்துவிட்டேன். தட்டிய வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். பிறகு அந்த ஃபோல்டருக்குள் என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்தேன்.

எல்லாம் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன ஃபைல். அதற்குள் பெயர், பெயருக்குக் கீழே ஒரு குறிப்பு. மவுஸின் அம்புக்குறியைப் படத்தின் மேல் கொஞ்ச நேரம் நிறுத்தினால் பொடி எழுத்தில் எட்டிப் பார்க்கும் குறிப்பு அது. அப்பா எதன் மேலும் அம்புக்குறியை நிறுத்துகிறவரில்லை, நேராகப் போய் அமுக்கிவிடுவார். நிறுத்தியிருந்தாலும் அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆக அதை நாங்கள் யாரும் படித்ததே இல்லை. சத்தமாகப் படித்தேன்.

"நைனா, பாட்டு இங்க கீது. சவுண்டு கம்மியா வை, அம்மா கத்தும்."

"நம்ம வூட்டு போட்டோ. நீ சிரிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான் கீது, தேடு."

"காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டு துணி காயப்போடு."

அம்மா கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றுவிட்டாள். கடைசி ஃபைலைத் திறந்தேன். ஆஃப் பட்டன். பாதி வரியில் நிறுத்திவிட்டேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"நைனா, தொடைக்கத்தானே வந்த? மொதல்ல இத்த அமுக்கு. அப்பால தொடை."

"தெரிஞ்சிகினே எழ்திகீறான் பாரு," என்றார் அப்பா. சிரித்தார். சிரித்துக்கொண்டே துடைக்கிற துணியால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், மறைக்கவில்லை.

பட்டைக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. துணி பட்டு ஏதோ விசை அமுங்கி, பட்டையை ஓட்டும் புரோகிராம் நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு அணைத்தபோது, பட்டை இல்லாத திரைதான் வழக்கம் என்று லேப்டாப் நினைவில் வைத்துக்கொண்டது. கறுப்பு ஜன்னலில் அந்தப் புரோகிராமின் பெயரைத் தட்டி என்டர் போட்டேன். பாட்டு, போட்டோ, காற்று, ஆஃப் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து நின்றன. கீழ்த்தண்ணீர் மறைந்தது. அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாள் காலை நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். வாளியில் துணியைப் பிழியும் சத்தம் கேட்டது. முந்தின நாள் மூடாமல் விட்ட லேப்டாப் வெளிச்சம் சுவரில் விழுந்திருந்தது. அப்பா அதன் முன்னால் வந்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசிப் படத்தை அமுக்கினார். வெளிச்சம் அணையும் வரை நின்றார்.

"சரி நைனா, ஆஃப் பண்ட்டேன்," என்றார். "இப்ப தொடைக்கட்டா?"