மனைவி பெயரில் என் கட்டி

என் இடது மார்பில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தது நானல்ல, என் மனைவி. பட்டுத் தறியில் தீர்ந்துபோகும் பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பது அவள் வேலை. பட்டில் கடுகளவு முடிச்சு இருந்தாலும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அந்த விரல், கொஞ்சம் முன்பக்கம் வந்ததும் நின்றது.

"இன்னாங்க இது, முடிச்சாட்டம் இருக்குது?"

"கொழுப்பும்மா."

"கொழுப்பு வாயிலதான் உங்களுக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரி போலாம்."

நான் போகவில்லை. பெண்கள் வெட்கப்படாமல் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று, பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன் என்பதால் கூப்பிட்ட மகளிர் தினக் கூட்டத்தில் இருபது நிமிஷம் பேசிப் பொன்னாடை வாங்கியவன் நான். அதே ஆள், 'பெண்கள் மட்டும்' என்று பலகை தொங்கும் அறை வாசலில் டோக்கனோடு நிற்பதா? ஆண்களுக்கும் அந்த நோய் வரும் என்று படித்திருந்தேன். மற்ற ஆண்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

நான்கு வாரம் தள்ளிப்போட்ட பிறகு ஒரு யோசனை உதித்தது. கட்டி அவளுக்கு இருப்பதாகச் சொல்லி அவளே கேட்டு வந்துவிட்டால்? இடம், அளவு, அழுத்தினால் வலி உண்டா என்று பத்தி பிரித்து ஒரு தாளில் எழுதித் தந்தேன். தலைப்புகூட வைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். மதியம் வந்தாள்.

"டாக்டரம்மா படுக்க வச்சுப் பாத்துட்டாங்க. எனக்கு ஒன்னும் இல்லியாம். உங்க கட்டிய நான் எங்கேர்ந்து கொண்டாந்து காட்றது? உண்மையச் சொல்லிட்டேன். எழுதுன ஆளு வரணுமாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "இத்தினி வயசுக்கு ஒரு தடவகூடக் காட்டலியான்னு என்னியத் திட்டுனாங்க" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். ஊர்ப் பெண்களையெல்லாம் மைக்கில் கேட்டவன், வீட்டில் கேட்டதில்லை.

மறுநாள் அவளோடு போனேன். பெஞ்சில் இருந்த ஒரு அம்மா, "ஆம்பளைங்களுக்கு அந்தாண்டண்ணா" என்று கை காட்டினார். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை ஆழ்ந்து படித்தேன்.

"அவருக்குத்தாம்மா பாக்கணும்" என்றாள் என் மனைவி, சத்தமாக.

பெஞ்சு முழுக்க என் பக்கம் திரும்பியது. பிறகு அந்த அம்மா பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். "ஒக்காருங்கண்ணா. நாங்க மட்டும் இன்னா ஆசப்பட்டா வந்துகீறோம்?"

உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளா இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"மூணு வாரம்."

"நாலு" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை ஒரு வாரம் நான் ஒரு நகைச்சுவையும் எழுதவில்லை. வாசகர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை அந்த விரல்கள் எனக்குப் பார்க்கின்றன. "நீ பாத்துக்கினியா?" என்று நானும் கேட்கிறேன்.

"பாத்துட்டேன். இதுக்கும் இருபது நிமிஷம் பேசாதீங்க" என்கிறாள்.