காலி வீட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி

போன வாரம் ஒரு ஜாதகத்தை மெயிலில் அனுப்பினேன். என் கம்ப்யூட்டரில் செவ்வாய் ஒன்பதாம் வீட்டில் இருந்தது. அதே மெயிலைச் செம்பூரில் ஒரு அம்மா தன் போனில் திறந்தார். செவ்வாய் எட்டில் இருந்தது!

ஒரு வீடு தள்ளினால் என்ன என்கிறீர்களா? பெண் ஜாதகத்தில் எட்டு என்பது மாங்கல்ய ஸ்தானம். அங்கே செவ்வாய் என்றால் தாலி கட்டுகிறவன் உயிருக்கு ஆகாது என்பார்கள். ஒரு கல்யாணம் நிற்க அது போதாதா?

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம், மாடியில் ஒரு சின்ன கல்யாணத் தகவல் மையம். வரன்களின் விவரத்தையும் ஜாதகத்தையும் மெயிலில் அனுப்புவது நான். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஆளுக்கு இதைவிட நல்ல வேலை ஏது? படிப்பு பத்தாவதோடு சரி. மற்றதெல்லாம் தட்டித் தடவிக் கற்றது.

அப்படிக் கற்றதில் ஒன்று... நாம் அனுப்புவது வேறு, அவர்கள் பார்ப்பது வேறு. ஒவ்வொரு மெயில் ஆப்புக்கும் ஒரு புத்தி. ஒன்று எழுத்தைப் பெரிதாக்கும். ஒன்று வரியை உடைக்கும். இன்னொன்று கலரை மாற்றும். ஆனால் கிரகத்தை மாற்றும் ஆப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

செம்பூர் அம்மா மாப்பிள்ளையின் தாயார். நிச்சயதார்த்தத்துக்கு முன் இன்னொரு ஜோசியரும் பார்க்கட்டுமே என்று கேட்டு வாங்கிய மெயில் அது. போனில் சொன்னார்: "ஸாரி சார். ஜோசியர் பார்த்த உடனே கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டார். எங்களுக்கு ஒரே பையன். வேண்டாம், விட்டுருங்க."

அரை மணி நேரத்தில் எங்கள் மரப்படி அதிர்ந்தது. செய்தி எட்டி வந்தவர் பெண்ணின் அப்பா செல்லையா அண்ணாச்சி. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார்.

"என்ன சார் வேல பாக்கிய? பொன்செல்விக்கு எட்டுல செவ்வாயா? ஊர்ல மூணு ஜோசியர் பாத்த பக்கா ஜாதகம்! ஒம்ம மிஷினு செவ்வாய டிரான்ஸ்பர் பண்ணிருக்கு!"

கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன். துலா லக்னம். மிதுனத்தில் செவ்வாய், ஒன்பதாம் வீடு. பக்கத்து ரிஷபம் காலி. சரியாகத்தான் இருந்தது. என் போனிலும் சரி.

"உங்களுக்கும் ஒரு காப்பி போட்டிருந்தேனே, உங்க போனைக் காட்டுங்க அண்ணாச்சி."

திறந்தார். மேல் வரிசையில் நாலு கட்டம் இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தது. ரிஷபம் என்ற வீடே இல்லை. அந்த இடத்தில் செவ்வாய் உட்கார்ந்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. லோக்கல் ட்ரெயினில் ஜன்னலோரத்து ஆள் எழுந்தால் அந்த இடம் ஒரு நொடி காலியாக இருக்குமா? பக்கத்து ஆள் நகர்ந்துவிடுவார். சில மெயில் ஆப்களும் அப்படித்தான். கட்டத்துக்குள் ஒன்றும் இல்லையென்றால், கட்டமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். அடுத்தது நகர்ந்து வந்துவிடும்.

இதை உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி கேட்கவில்லை. கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. விரல் அந்தக் கட்டத்தின் மேலேயே இருந்தது.

"இது பொன்செல்வி ஜாதகம் இல்ல சார்."

"அதைத்தான் சொல்றேன் அண்ணாச்சி, கட்டம் நகர்ந்து..."

"இது மூத்தவ ஜாதகம்."

மூத்தவள் பெயர் இசக்கி. ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாளாம். அவளுக்கும் துலா லக்னம். எட்டில் செவ்வாய்.

"மத்த கிரகமெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல. இது மறக்குமா? செவ்வாப் புள்ளன்னு பொறந்த அன்னிக்கே பேசுனாவ. இப்பம் மாப்பிள்ள வீட்ல சொன்னா, அந்தக் குடும்பத்துலயே ஏதோ கோளாறுன்னு நெனப்பாவல்லா? அதான் ஃபாரத்துல அந்த எடத்தக் காலியா விட்டேன்."

மெயிலைக் கீழே தள்ளினேன். 'உடன்பிறந்தவர்கள்' என்று இருந்தது. எதிரே வெறும் வெள்ளை.

"காலியா விட்டேன்லா..." என்றார் மெதுவாக. "வந்து உக்காந்துட்டா."

பட்டப்பகல். கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. என் கையில் மயிர் எழுந்து நின்றது.

ஆறுதல் சொல்லவும் எனக்குத் தெரியாது. தெரிந்த வேலையைச் செய்தேன். ட்ரெயினில் இடம் பிடிக்கக் கைக்குட்டை போடுவோம் இல்லையா? அதுபோல, அந்தக் காலிக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன். வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளி. கண்ணுக்குத் தெரியாது, இடத்தையும் விடாது. மறுபடி அனுப்பினேன். அண்ணாச்சியின் போனில் ரிஷபம் திரும்பி வந்தது. செவ்வாய் ஒன்பதுக்குப் போய்விட்டது.

செம்பூர் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். அவர் பேசிக்கொண்டே மெயிலைத் திறந்தார்.

"ஆமா சார், இப்ப ஒன்பதுலதான் இருக்கு. அப்படின்னா தோஷம் இல்ல. நல்ல வேளை..." சட்டென்று நிறுத்தினார். "சார்... மேல ரிஷபத்துல வெள்ளையா தெரியுதே, அது யாரு?"

கண் கூசாமல் இருக்க அவர் போனில் கறுப்புத் திரை வைத்திருப்பவர். கறுப்பில் என் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அது சரி... அவர் ஏன் 'என்ன' என்று கேட்கவில்லை? ஏன் 'யாரு' என்றார்?

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி போனை வாங்கினார்.

"அது எங்க மூத்த மவ, தாயீ."

எல்லாவற்றையும் சொன்னார். எட்டில் செவ்வாயையும் மறைக்கவில்லை. கல்யாணம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"பேரு என்ன?"

"இசக்கி."

"புள்ளியா வைக்காதீங்க அண்ணாச்சி. பேரை எழுதி அனுப்பச் சொல்லுங்க. சம்பந்தி வீட்ல யார் யார் உண்டுன்னு எங்களுக்கும் தெரியணும்ல."

மூன்றாவது மெயில் போனது. 'உடன்பிறந்தவர்கள்: அக்கா இசக்கி (காலமானார்)'. அண்ணாச்சி எழுத்தை இரண்டு முறை சரிபார்த்தார். கம்ப்யூட்டர், என் போன், அவர் போன், செம்பூர் போன்... நாலிலும் ஒரே மாதிரி. ரிஷபம் காலி. செவ்வாய் ஒன்பதில். நிச்சயதார்த்தம் குறித்த நாளில்தான்.

மறுநாள் காலையில் பழைய மெயில்களைச் சரி பார்த்தபோதுதான் கவனித்தேன். அவசரத்தில் மூன்றாவது மெயிலைப் புள்ளி வைத்த பிரதியிலிருந்து எடுக்கவில்லை. முதல் பிரதியிலிருந்து எடுத்திருக்கிறேன். ரிஷபத்தில் புள்ளி இல்லை. ஒன்றுமே இல்லை.

அப்படியானால் அண்ணாச்சியின் போனில் செவ்வாய் நகர்ந்திருக்க வேண்டுமே?

போன் போட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.

"அங்கனயேதான் இருக்கு சார். ஏன்?"

"சும்மாதான் அண்ணாச்சி."

மெயில் ஆப்களைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்த வாசகர்கள் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவீர்கள். தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம்.