ஆறாவது மரத்துச் சிவப்புத் துணி

போன வாரம் மழைக்கு முந்தின காற்று ஒன்று அடித்தது. எதிர்ச்சாரியில் எங்களைவிடத் தாழ்ந்த கட்டிடத்து மொட்டை மாடியில் யாரோ சுவருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். சாய வாளியின் வெள்ளை பிளாஸ்டிக் மூடியைக் காற்று தூக்கிவிட்டது. மூடி சுழன்றுகொண்டே தெருவுக்கு மேலே மிதந்தது. லத்தா பேட்டையில் எங்கள் தெருவில் எந்நேரமும் கூட்டம்தான். கீழே மாம்பழக்காரி கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள், மூடி நேராக அவள் தலையைப் பார்த்துப் போகிறது. நான் பால்கனியில் நின்று, கயிற்றில் கட்டிய பையை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். காய்கறிக்காரர் அதில் கொத்தமல்லி போட்டு அனுப்பியிருந்தார்.

"இடது பக்கம் சாயும். அவ தலையில விழாது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

சாய்ந்தது. ஒரு கடையின் தார்ப்பாய் மேல் போய் உட்கார்ந்தது. என் மகள் பின்னால் நின்றிருக்கிறாள். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள். "காத்துதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஆனால் வலது மணிக்கட்டு தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். தைக்கத் தெரியும், சமைக்கத் தெரியும். மூன்றாவதாக, வீசின தட்டு எங்கே போய் விழும் என்று தெரியும். இந்த மூன்றாவதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் படிக்கும்போது என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை அல்லவா.

அந்தச் சாய வாசனைதான் எல்லாவற்றையும் கிளறியது. நாங்கள் விளையாடிய தட்டுகளில் இரண்டு, சாய டப்பாவின் தகர மூடிகள். எவ்வளவு கழுவினாலும் விரலில் அந்த நெடி ஒட்டிக்கொள்ளும். சோறு பிசையும்போது மணக்கும். மூன்றாவது தட்டுதான் அசல். மஞ்சள் நிறம், கனமான பிளாஸ்டிக், ஓரம் மெல்லியது. கப்பலில் வேலை பார்த்த காசிம் காக்கா கொண்டுவந்தது. எங்களுக்கு உறவில்லை, மாடி வீட்டுக்காரர், ஊர்ப் பழக்கத்தில் காக்கா, அதாவது அண்ணன். ஏதோ ஒரு துறைமுகத்தில் பொதுப் பூங்காவில் பெரிய மனிதர்கள் எல்லாம் தட்டு வீசி விளையாடுகிறார்களாம். ஒவ்வொரு மரத்தடியிலும் சங்கிலி தொங்கும் கூடை. குறைந்த வீச்சில் எல்லாக் கூடையையும் முடிப்பவன் கெட்டிக்காரன். "கோல்ப் மாதிரிதான், கம்பு இல்ல, பந்து இல்ல, காசும் இல்ல" என்று சிரித்தார்.

பர்மாவில் மாணவர்கள் தெருவில் இறங்கிய எண்பத்தெட்டுக்குப் பிந்தின நாட்கள் அவை. கல்லூரிகள் மூடிக் கிடந்தன. என் தம்பி ரஹீம் அந்த வருடம் எல்லாப் பிள்ளைகளையும் போல ஊர்வலத்தில் போனவன், முன்வரிசையில் நின்று கத்தினவன். அவனோடு நின்றவர்களில் சிலர் எல்லைக்கு ஓடிவிட்டார்கள், சிலரை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. தெருவில் ஜீப் நின்ற சத்தம் கேட்டால் வாப்பா கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிடுவார். ஜீப் போன பிறகும் அந்தக் கவளத்தை எடுக்கமாட்டார்.

தெற்கே போகிற சரக்குப் படகு ஒன்றில் தம்பியை ஏற்றிவிடக் காசிம் காக்கா ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அங்கிருந்து தாய்லாந்து கூப்பிடு தூரம். படகு எப்போது புறப்படும் என்றுதான் தெரியவில்லை. அதுவரை பையனைப் பரணில் ஒளித்து வைக்கலாம் என்றார் வாப்பா.

"ஒளிஞ்சா தேடுவாங்க" என்றார் காசிம் காக்கா. "வெளிய நின்னு விளையாடுனா, வேலையத்த பயன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க."

"பயலுவ மட்டும் போனா கூட்டம்னு சொல்லுவானே."

"தங்கச்சிய கூட அனுப்புங்க. பொம்பளைப் புள்ளை, கையில தூக்குச் சட்டி. பார்க்கிறவனுக்குக் குடும்பமாத் தெரியும்."

இப்படித்தான் நான் விளையாட்டுக்காரி ஆனேன், தூக்குச் சட்டியோடு. எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. கடைக்காரர் பெயர் கேட்டால் தரையைப் பார்க்கிற ரகம்.

ஏரிக்கரைப் பூங்காவில் தம்பி ஒன்பது மரங்களைத் தேர்ந்தெடுத்தான். கூடைக்கு எங்கே போவது? மூங்கில் கூடை தொங்கவிட்டோம், மறுநாளே காணாமல் போயிற்று. பிறகு நான் தைக்கிற சட்டைகளில் மிஞ்சிய சிவப்புத் துணியைக் கிழித்து மரத்துக்கு மரம் கட்டினோம். துணிக்குக் கீழே தட்டு பட்டால் அந்த மரம் முடிந்தது. கஷ்டமான தடம் அது. மூன்றாவது மரத்துக்கு ஏரித் தண்ணீருக்கு மேலே வீச வேண்டும். தட்டு விழுந்தால் தம்பியின் சிநேகிதன் கோ சோ லுங்கியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு இறங்குவான், காலில் அட்டையோடு ஏறுவான். நான்காவதுக்கு இரண்டு பனைகளுக்கு நடுவே ஒரு கை அகலம்தான் வழி. ஆறாவது மரம்தான் எல்லோரையும் அழவைக்கும். பெரிய அரச மரம். வீசுகிற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது, மூங்கில் புதர் மறைக்கும். வலது கையால் வீசின தட்டு வேகம் குறைந்ததும் தானாக இடப்பக்கம் சாயும் அல்லவா, அந்தச் சாய்வை நம்பி, புதரைச் சுற்றித் திரும்ப விட வேண்டும்.

ஏன் இவ்வளவு கஷ்டமாக வைத்தான் என்று பிறகுதான் புரிந்தது. ஐந்து பேருக்கு மேல் ஒன்றாக நிற்கக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்தத் தடத்தில் இரண்டு பேர்கூட ஒரே இடத்தில் நிற்க முடியாது. ஒருவர் புதரில், ஒருவர் தண்ணீரில், ஒருவர் மேட்டில்.

"டேய், தோளால வீசாதேடா, மணிக்கட்டு, மணிக்கட்டு! மாவா பிசையுற?" என்று காசிம் காக்கா கத்துவார். தட்டு பொறுக்கிக் கொடுக்கப் போன என்னை ஒருநாள் அவர்தான் வீசச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். பனைகளுக்கு நடுவே போய்விட்டது. தம்பி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சிவப்புத் துணியால் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு சாயங்காலம் ஆறாவது மரத்தடியில் வாழைப்பழச் சீப்பும் பூவும் ஊதுவத்தியும் இருந்தன. பூங்கா வாசலில் அவித்த கடலை விற்கிற டோ மியா வைத்தது. எங்கள் துணியைப் பார்த்து, யாரோ அங்கே நத்து என்கிற மரத்து ஆவியைக் குடிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் பெரிய மரத்தில் போய்ச் சிவப்புத் துணி கட்டலாமா? பழத்தின் மேல் தட்டு விழுந்துவிடுமோ என்று அன்றைக்கு ஆறாவதை விட்டுவிட்டு ஏழாவதுக்குப் போனோம்.

"நத்துன்னா சாமியா?" என்று நான் அவளிடம் கேட்டேன். அவளிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும்.

"சாமி இல்லை, பெண்ணே. நல்ல சாவு சாகாதவங்க. ராஜா கையால போனவங்க. போன இடத்தை விட்டு நகரமாட்டாங்க" என்றாள், கடலையை மடித்துக் கொடுத்தபடி.

பிறகு ஒரு சாயங்காலம் கோ சோ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவன் வீட்டுக்குப் போன காசிம் காக்கா வாசலிலேயே திரும்பிவிட்டார். அவன் அம்மா கதவைத் திறக்காமல், ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டிப் போகச் சொன்னாளாம்.

கோ சோ வராமல் நின்ற மூன்றாவது நாள் ஓர் ஆள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல லுங்கி, கறுப்புக் கண்ணாடி, தோளில் பட்டாளத்தார் மாட்டுகிற பச்சைத் தண்ணீர்க் குப்பி. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நானும் வீசிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஊலே என்று கூப்பிட்டோம். பர்மியில் மாமா, சித்தப்பா எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். என்னை அவர் ஞீமலே என்றார், தங்கச்சி என்று அர்த்தம்.

ஒரு வாரத்தில் எங்கள் எல்லோரையும் தாண்டிவிட்டார். ஒவ்வொரு வீச்சும் ஒரே மாதிரி இருக்கும். ஆறாவது மரத்தை ஒரே வீச்சில் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

"நீங்க பலாட்டா வீசுற மாதிரி வீசுறீங்க, தம்பி" என்று பரோட்டாவைச் சொல்லி ரஹீமைக் கேலி செய்வார். "கல்லு சூடா இருக்கான்னு பார்த்து வீசணும்."

சிரிப்போம். சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு கேள்வி வரும். "கோ சோன்னு ஒரு பையன் வருவானே, ஊருக்குப் போயிட்டானா?" "காலேஜ் மூடியே கிடக்குதே தம்பி, வெளியூர் போற எண்ணம் உண்டா?" கேட்டுவிட்டுக் குப்பியைத் திறந்து ஒரு மடக்குக் குடிப்பார். பதிலுக்குக் காத்திருப்பதாகவே தெரியாது.

வீட்டில் காசிம் காக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இப்ப போறதை நிறுத்தினா நாமளே காட்டிக் கொடுத்த மாதிரி. படகு இந்த வாரம் கிளம்பும். அதுவரைக்கும் வீசுங்க."

வீசினோம். அந்த நாட்களில் தட்டு காற்றைக் கிழிக்கிற சத்தம்கூட எனக்கு வேறு மாதிரி கேட்டது. பூங்காவில் காக்கைகள் அதிகமாகிவிட்டது போல இருந்தது. நிஜமாகவே அதிகமா, நான்தான் அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிட்டேனா, தெரியாது.

கடைசி நாள் காசிம் காக்கா துறைமுகத்துக்குப் போயிருந்தார். தம்பியும் நானும் ஊலேயும் மட்டும். வானம் மூடியிருந்தது. ஆறாவது மரத்துக்கு வீச வேண்டிய இடம். மஞ்சள் தட்டு ஊலே கையில். அவர் பூங்கா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வீசினார்.

தட்டு வலது பக்கம் போயிற்று. புதரைச் சுற்றாமல், அதற்கு நேர் எதிர்த் திசையில், பின்வேலியோரம் கோரைப்புல் மண்டிக் கிடந்த பள்ளத்துக்குள்.

நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கைக்காரன் தட்டு தவறிப்போனால் இடது பக்கம்தான் தவறும். வலது பக்கமே போய் விழ வேண்டுமானால் வெளி ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, கடைசி வரை அப்படியே விட வேண்டும். அது தவறு அல்ல. ஊலேயின் மணிக்கட்டு தட்டைத் தூக்கிப் பிடித்ததை நான் கண்டேன்.

"எனக்குக் கண்ணு மங்குது, ஞீமலே" என்றார். "தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போய்த் தேடு. அவசரம் இல்லை."

கோரைக்குள் இடுப்பளவு இறங்கினோம். தட்டு தம்பி கையில் அகப்பட்டது. அந்த நேரம் முன்வாசலில் வண்டி நிற்கிற சத்தம். கதவை இரண்டு தடவை சாத்தினார்கள். பின்வேலியில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது, அப்பால் ரயில் பாதை.

"ராத்தா, வாப்பாகிட்ட..." என்றான் தம்பி.

"போடா" என்றேன். வாழ்க்கையில் நான் சத்தமாகச் சொன்ன ஒரே சொல் அதுவாக இருக்கும். தட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு குனிந்து போனான்.

நான் மேலே வந்தபோது அரச மரத்தடியில் ஊலேயோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எங்கே உன் தம்பி என்று கேட்டார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. நடிக்கவில்லை, எப்போதும் போல வரவில்லை. தரையைப் பார்த்தேன்.

"அது பயந்த புள்ளை. வேத்து ஆள்கிட்டப் பேச வராது" என்றார் ஊலே. "பையன் இன்னைக்கு வரவே இல்லை."

அவர்களில் ஒருவன் என் கையிலிருந்த தூக்குச் சட்டியைப் பார்த்தான். பிறகு ஊலேயைப் பார்த்தான், வெகுநேரம். "நீங்க வாங்க" என்றான். ஊலே தோளிலிருந்து குப்பியைக் கழற்றினார், ஒரு மடக்குக் குடித்தார். சிவப்புத் துணி கட்டியிருந்த கிளைக் கணுவில் அதை மாட்டினார், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளப் போகிறவர் மாதிரி. அவர்கள் நடுவில் நடந்து போனார்.

மறுநாள் பெஞ்சில் வேறு ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததாக டோ மியா சொன்னாள். குப்பி மரத்திலேயே தொங்கியதாம். தொட ஆளில்லை. ஊலேயை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

தம்பி போய்ச் சேர்ந்தான். மாதங்கள் கழித்துக் கப்பல்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். மீனுக்கு ஐஸ் போடுகிற இடத்தில் வேலை. பிற்பாடு அங்கேயே கல்யாணம். எப்போதாவது தொலைபேசியில் கூப்பிடுவான். "தட்டு இருக்காடா?" என்பேன். "சோத்துப் பானைக்கு மூடியா இருக்கு, ராத்தா" என்று சிரிப்பான். திரும்பி வரவே இல்லை. அந்தக் குரலும் நின்று போயிற்று. காசிம் காக்காவும் வாப்பாவும் இன்று இல்லை.

பெரும்புயல் அடித்த வருடம் பூங்கா மரங்கள் வேரோடு சாய்ந்தன என்று கேள்விப்பட்டு, தன்லியின் என்கிற ஊருக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். உள்ளே போக இப்போது சீட்டு வாங்க வேண்டும். கோரைப் பள்ளத்தைத் தூர்த்துக் கார் நிறுத்துகிறார்கள், பின்வேலி இருந்த இடத்தில் ஆள் உயரச் சுவர். முதல் மரம் இல்லை, பனைகள் இல்லை, ஒன்பதாவது மரம் எங்கே நின்றது என்று எனக்கே புரியவில்லை. ஆறாவது மட்டும் நின்றது. சுற்றிலும் சிமெண்டு மேடை, புதிய சிவப்புத் துணி. மேடை நிறையத் த்வாண்டே ஊர் மண்பானைகள், கண்ணாடித் தம்ளர்கள், மூடி திறந்த தண்ணீர் போத்தல்கள். மரத்தின் கணுவில் துருப்பிடித்த வளையம் ஒன்று. பச்சைக் குப்பியைக் காணோம்.

பூ விற்ற பெண் டோ மியா சாயலில் இருந்தாள். "இது எந்த நத்து?" என்று கேட்டேன்.

"பேரு தெரியாதும்மா. தண்ணி வெச்சா, தொலைஞ்சதைத் தேடிக் கொடுப்பார்னு சொல்றாங்க."

"தண்ணி எதுக்கு?"

"தாகத்தோட செத்தவராம்."

நான் மரத்தைக் கும்பிடுகிறவள் இல்லை. அவளிடம் ஒரு போத்தல் வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, மற்றவற்றோடு வைத்தேன். தாகத்தோடு செத்தார் என்று அவளுக்கு யார் சொன்னது என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். எப்போதும் போலப் பேச்சு வரவில்லை.