அஸ்மியாவின் வீடும் கொழும்புப் பட்டமும்

கிண்ணியாவில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். கலியாணத்துக்கு முன் அவள் பெயரில் ஒரு வீடு எழுப்பியாக வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து குடியேறுவார். ஜெமீல் கட்டாரில் பதினொரு வருடம் லொறி ஓட்டி, மகள் அஸ்மியாவுக்கு அப்படியொரு வீட்டைக் கட்டி, வீட்டு உறுதிப் பத்திரத்தையும் அவள் பெயரிலேயே எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். மாப்பிள்ளையும் வெளியில் தேட வேண்டியிருக்கவில்லை. உம்மா ஸுல்பிகாவின் கூடப்பிறந்த காக்காவின், அதாவது அண்ணனின், மகன் ஸப்வான்தான் என்று இரண்டு வீட்டிலும் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள்.

உயர்தரப் பரீட்சையில் அஸ்மியா நல்ல புள்ளி எடுத்தாள். அரசாங்கக் கம்பஸில் வியாபார முகாமைத்துவம் கிடைத்தது. ஒரு சதம் கட்டத் தேவையில்லை, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். வேறென்ன வேண்டும்? ஆனால் ஸப்வான் கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் ஒபிசர். என்ன ஒபிசர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வரப்போகும் மாப்பிள்ளையிடம் அதையெல்லாம் கேட்பார்களா?

"கம்பஸ் எண்டா ஸ்ட்ரைக்கும் ராகிங்கும்தான் புள்ள. நாலு வருசம் ஆறாகும். எங்கட கொலேஜில மூணே வருசம், லண்டன் பட்டம். கம்பனிக்காரன் வாசல்ல நிண்டு கூட்டிட்டுப் போவான்."

"முப்பத்தஞ்சு லட்சம் பீஸுக்கு நாங்க எங்க மச்சான் போற?"

"வீட்ட ஈடு வச்சா பேங்கில தருவாங்க. வேல கிடைச்சா கெதியா மீட்டிரலாம்."

அஸ்மியா ஒன்றும் விளையாட்டுப் பிள்ளையில்லை. மூன்று நாள் யோசித்தாள். படித்து முடித்தால் என்ன சம்பளம், வட்டி போக என்ன மிஞ்சும் என்று கேட்டுத் துளைத்தாள். கடைசியில் அவன் சொன்ன ஒரு வார்த்தையில்தான் விழுந்தாள்.

"அந்த வீட்டுக்கு வரப்போறவன் நான். நானே சொல்றன், வையுங்க. பிறகென்ன பயம்?"

அதைவிடப் பெரிய பிணை எங்கே கிடைக்கும்? கையெழுத்து வைத்தாள்.

கல்லூரி என்பது கதிரை மேசை விற்கும் ஒரு தளபாடக் கடைக்கு மேல் இரண்டு மாடி. முதல் தவணையிலேயே கணக்கியலுக்கு மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள். லண்டன் சான்றிதழின் மூலையில் மட்டும் இருந்தது. மூன்று வருடம் கழித்து அந்தச் சான்றிதழை வாங்கப் போன அன்று அலுவலகப் பெண் சிரித்தபடி சொன்னாள்:

"நீங்களும் ஊர்ல இருந்து ஆள் சேத்து விடுங்களன், ஸப்வான் சேர் மாதிரி. ஒரு ஆளுக்கு ஒன்றரை லட்சம் கமிஷன்."

அங்கிருந்தே அவனுக்குப் போன் எடுத்தாள்.

"ஓம், எடுத்தனான். அதான் என்ட தொழில். ஆருக்குச் சும்மா வேல செய்யேலும்?"

அடப் பாவி! சொந்த மாமி மகளையே தலைக்கு இவ்வளவு என்று விற்றிருக்கிறான். என்றாலும், அந்தக் காசும் நாளைக்கு இந்த வீட்டுக்குத்தானே வரும் என்று அஸ்மியா தன்னைத்தானே சமாளித்துக்கொண்டாள். ஊரில் அவளுக்குக் கிடைத்தது ஹார்ட்வெயார் கடையில் நாற்பத்தையாயிரம் ரூபாய் வேலை. பேங்குக்கு மாதம் கட்ட வேண்டியதோ ஐம்பத்தெட்டாயிரம். மிச்சத்துக்கு உம்மாவின் காப்புகள் ஒவ்வொன்றாகப் போயின.

போன மாதம் மாமி, ஸப்வானின் உம்மா, அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் கதையை எடுத்தார்.

"கோவிச்சிக்காதீங்க மச்சி. ஈட்டில கிடக்கிற வீட்டுக்கு என்ட புள்ளய எப்பிடி அனுப்புற? நாளைக்கு பேங்குக்காரன் வந்து நிண்டா அவன் எங்க போற? மூதூர்ல இவனுக்கு வேற ஒரு இடம் பாத்திரிக்கம். அந்தப் புள்ளட வீட்டில ஒரு வில்லங்கமும் இல்ல."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஸப்வான் கதிரையில் இருந்தபடி போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"மச்சான்," அஸ்மியா கேட்டாள். "இந்த வீட்ட ஈடு வைக்கச் சொன்னது ஆரு?"

அவன் தலை நிமிரவில்லை.

"நான் ஆயிரம் சொல்லுவன். கையெழுத்து வச்சது நீதானே?"