பிடரி மட்டும் தெரியும் படங்கள்

கோடை தொடங்கியதிலிருந்து அந்தக் குடும்பம் போகாத இடமில்லை. ஏரிக்கரை, மிருகக்காட்சி சாலை, ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த பூங்கா, நாத்தனார் வீடு என்று ஒரு விடுமுறையையும் வீணாக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் காருக்குள் கணவன் படமாக எடுத்துத் தள்ளினான். அத்தனை படங்களிலும் அவன் மனைவியும் இருந்தாள். எப்படி என்றால், பிடரியாக இருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் ஒரு பிடரி, அதற்கு மேலே ஒரு பழுப்பு நிறக் கிளிப்பு, பின்னால் கொட்டமடிக்கும் குடும்பம். போகிற வழியில் வாடகைக்கு அமர்த்திய ஆள் என்று சொன்னாலும் பார்ப்பவர்கள் நம்புவார்கள்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். டிப்போவில் அவளுக்கு டிரைவரம்மா என்று பெயர். அந்தப் பெயர் டிப்போ வாசலோடு நின்றிருக்கலாம். மாமியார் அதைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டாள். பால் தீர்ந்தால் டிரைவரம்மா, மருந்து வாங்க டிரைவரம்மா, கோடையில் காற்று வாங்கப் போக டிரைவரம்மா. வாரம் முழுக்க ஊரை ஏற்றி இறக்கியவள், விடுமுறை நாளில் வீட்டை ஏற்றி இறக்கினாள்.

கணவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிபண்ணித் தருகிறவன். லைசென்ஸ் அவனிடமும் இருக்கிறது, பர்சுக்குள் சொகுசாகத் தூங்குகிறது. ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால், நான் ஓட்டினால் நீ சும்மா இருப்பாயா என்பான். அதில் பாதி உண்மை இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் அவள் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும். வாயும் சும்மா இருக்காது.

குழந்தைக்கு சுண்டு என்று செல்லப்பெயர். அவளுடைய குட்டி இருக்கையை டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் கட்டியிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் தொப்பியின் நுனி தெரியும், அவ்வளவுதான். சுண்டுவுக்கு முதல் பல் முளைத்ததை மாமியார் கண்டுபிடித்தபோது வண்டி பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. நிறுத்த இடமில்லை. முதல்முறை கைதட்டியதும் வண்டிக்குள்தான். கையை ஆட்டி டாட்டா காட்டக் கற்றுக்கொண்டதும் வண்டிக்குள்தான், அதுவும் ஏதோ ஒரு லாரிக்கு. ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வரும், அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு என்ன, என்ன என்று கேட்பாள். வீட்டுக்குப் போய்ப் படம் காட்டுகிறேன் என்பான் கணவன். பெற்ற பிள்ளையின் சேதியைப் பயணிகள் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

மிச்சமிருந்தது நடை ஒன்றுதான். சுண்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கிய அன்றே அவள் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டாள். முதல் அடி அவள் கண்முன்னால்தான் வைக்கவேண்டும். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் யாரும் குழந்தையின் கையை விடக்கூடாது.

"குழந்தை என்ன பஸ்ஸா, நீ வந்து எடுக்கிற வரைக்கும் ஷெட்டுல நிக்க?" என்றாள் மாமியார். கேலி பேசினாளே தவிர, கையை விடவில்லை. அந்த மட்டில் அவளைக் குறை சொல்ல முடியாது.

கடலைப் பார்க்கப் போகலாம் என்று கிளப்பிவிட்டவன் கணவன்தான். ஒரு பகல் முழுக்க ஓட்டவேண்டிய தூரம். போகும்போது அவள், வரும்போது அவன் என்று பேச்சு. வரும்போது என்ற அந்தச் சொல்லை அவள் மலைபோல நம்பினாள் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் கடற்கரை மணலில் சுண்டு நடப்பாள், எதிரே தான் உட்கார்ந்திருப்போம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

வழியில் பெட்ரோல் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த டீக்கடை முற்றத்தில் வண்டியை நிறுத்தினார்கள். வண்டி எங்கே நின்றாலும் திரும்ப எடுப்பதற்கு முன் ஒரு சுற்று வந்து, டயர்களை உதைத்து, அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பது டிப்போ பழக்கம். அது அவள் உடம்போடு ஊறிவிட்டது. டீயைக் குடித்துவிட்டு, மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் வண்டியின் மறுபக்கம் போனாள். பின் டயரின் பள்ளத்தில் ஒரு கூழாங்கல் மாட்டியிருந்தது. குந்தி உட்கார்ந்து, சாவி முனையால் அதை நெம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் மாமியார் கை தட்டும் சத்தம் கேட்டது. என்ன தட்டல் என்று அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எழுந்து வண்டியைச் சுற்றி ஓடி வந்தபோது சுண்டு தரையில் உட்கார்ந்து மண்ணை அளைந்துகொண்டிருந்தாள். மாமியார் மருமகளைப் பார்த்ததும் தட்டிய கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். கணவன் போனும் கையுமாக நின்றான்.

"பெஞ்சைப் பிடிச்சிட்டு நின்னவ தானா விட்டுட்டு நடந்துட்டா," என்றான். "முழுசா எடுத்திருக்கேன். பாரு."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"நீ வர்றதுக்குள்ள உக்காந்துடுவாளே. அதான் எடுத்தேன்."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வெடிக்காமல் என்ன செய்யும்? பையிலிருந்து போனை எடுக்க அவனுக்கு நேரமிருந்தது. கேமராவைத் திறக்க நேரமிருந்தது. வெயில் கூசாமல் பக்கவாட்டில் நகர்ந்து நிற்கக்கூட நேரமிருந்தது. ஒரு வண்டி அகலத்துக்கு அப்பால் குந்தியிருந்த பெண்டாட்டியைக் கூப்பிட மட்டும் நேரமில்லை. கண்ணாடிக் கடையில் பொழுதன்றைக்கும் அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறவனுக்கு, பார்ப்பது வேறு, படத்தில் பார்ப்பது வேறு என்று யாராவது எடுத்துச் சொல்லவா வேண்டும்?

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை. "என் கண்ணால பாக்கணும்னு. அதையும் உங்க போன் பாத்துடுச்சு."

அவன் நீட்டிய போனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைப் பெஞ்சில் போட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். மாமியார் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

அவன் ஓட்டினான். ஓட்டினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. முற்றத்தைத் தாண்டுவதற்குள் வண்டி இருமுறை இருமி நின்றது. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அவளுடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து மரத்துப்போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள், வாயைத் திறக்கவில்லை. சாலையில் என்ன நடந்தால் எனக்கென்ன என்று சுண்டுவின் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கிலுகிலுப்பையை ஆட்டினாள், விரலைக் கடிப்பதுபோல விளையாட்டுக் காட்டினாள். சுண்டு சிரித்தாள்தான். ஆனால் சிரித்து முடித்ததும் முன்னாலிருந்த டிரைவர் சீட்டைப் பார்த்தாள். காலால் அதன் முதுகை உதைத்தாள், எதற்கோ காத்திருந்தாள், மறுபடி உதைத்தாள். தூக்கக் கலக்கம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் மரநிழலாக ஓர் இடம் வந்தது. கொஞ்சம் இளைப்பாறலாம் என்று சொல்லி அவன் வண்டியைச் சாலையைவிட்டு இறக்கித் திருப்பி நிறுத்தினான். தரை சமமாக இருந்தது. டிரைவர் கதவு திறக்கும் பக்கம் ஆளரவமில்லாத புல்வெளி. அவள் சுண்டுவை இறக்கிப் பின்கதவைப் பிடித்து நிற்கவைத்தாள். தள்ளிப் போய்க் குந்தி, இரண்டு கையையும் விரித்தாள்.

"சுண்டு, வா. அம்மாகிட்ட வா."

சுண்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். கதவை விட்டாள். தொப்பையை முன்னால் தள்ளிக்கொண்டு, கைகளை மேலே தூக்கிக்கொண்டு ஓர் அடி வைத்தாள். ஆடினாள், விழவில்லை. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பாதம் புல்லை அழுத்துவதைப் பார்த்தாள், கட்டைவிரல் தரையைக் கவ்வுவதைப் பார்த்தாள். மனது குளிர்ந்துபோயிற்று.

அடுத்த அடி அவள் பக்கம் வரவில்லை. சுண்டு வண்டியை ஒட்டியே திரும்பி நடந்தாள். முன்கதவுக்குப் போனாள். உள்ளங்கையால் அதை அடித்து, "ம்மா," என்றாள்.

கணவன் கதவைத் திறந்து இறங்கினான். சுண்டு அவனை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவன் காலை விலக்கிக்கொண்டு, காலியான சீட்டை எட்டிப் பார்த்தாள். மறுபடி, "ம்மா," என்று அந்தச் சீட்டைக் கூப்பிட்டாள்.

விரித்த கை விரித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். போனைத் தொடப் போன கணவனின் கை பாதியில் நின்றது. அவன் அசடு வழியச் சாவியை நீட்டினான்.

"அவ தேடறா பாரு. நீயே வந்து உக்காந்துக்கோ."

"நான் உக்காந்து உக்காந்துதான் என்னை அங்க தேடறா," என்றாள் அவள்.

எழுந்து போய்ச் சுண்டுவைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். சுண்டு முன்சீட்டைக் காட்டி அழுதாள். அழட்டும் என்று மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். அவன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தான். அவனுக்கு உதைக்கத் தெரியவில்லை. அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.